233-இல் மாட்டிய ஈயத் தூசி

சென்ற டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. எங்கள் ஆய்வகத் தாழ்வாரத்திலேயே அணுகுண்டுத் தரத்து யுரேனியம் கிடக்கிறது என்று முழுதாக ஐந்து நிமிடம் நம்பினேன். திரையில் நிறை எண் 235-க்கான படத்தில் பளிச்சென்று ஒரு வெள்ளைப் புள்ளி. அதே இடத்தில் 238-க்கான படத்தைத் திறந்தால் கும்மிருட்டு. பூமியில் தோண்டி எடுக்கும் யுரேனியத்தில் 238தான் 99.27 சதவீதம், 235 வெறும் 0.72. இங்கே தலைகீழாக இருந்தது. மென்பொருள் தன் பங்குக்கு, செறிவு (235, 238 இரண்டில் 235-இன் பங்கு) 98.8 சதவீதம் என்று ஒரு கட்டத்தில் அச்சடித்துக் காட்டியது. கை நடுங்கியது என்று எழுதினால் மிகை. ஆனால் மேஜை மேல் இருந்த காபி ஆறிப்போனது நிஜம்.

அந்தப் புள்ளி என்னவென்று சொல்வதற்கு முன், அதுவரை நடந்த நான்கு மாத வேலையைச் சொல்லிவிடுகிறேன். தப்பு நடந்த இடங்களைத்தான் விரிவாக எழுதப் போகிறேன். சரியாக நடந்தவை செய்முறைக் கையேடுகளிலேயே இருக்கின்றன.

நான் இருப்பது ஐரோப்பாவில் ஒரு சிறிய ஆய்வகம், பெயர் வேண்டாம். எங்களிடம் ஒரு பழைய சிம்ஸ் இருக்கிறது. இரண்டாம் நிலை அயனி நிறை நிறமாலைமானி என்பது அதன் முழுப்பெயர், ஆனால் அந்தப் பெயரில் அதை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஆக்சிஜன் அயனிகளைக் கற்றையாக்கி மாதிரியின் மேல் அடிக்கும். மேற்பரப்பிலிருந்து அணுக்கள் தெறிக்கும். தெறித்ததில் மின்னூட்டம் பெற்றவற்றை ஒரு காந்தத்துக்குள் வளைத்து, எடை வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றாக எண்ணும். இத்தனை வருடம் பாறைகளையும் குறைக்கடத்திப் படலங்களையும் பார்த்துவந்த மெஷின். அதை யுரேனியத் துகள்கள் பக்கம் திருப்ப முடியுமா என்று பார்க்கச் சொன்னார்கள்.

எதற்கு என்றால், சேஃப்கார்ட்ஸ். அணுப்பொருளைச் சொன்ன வேலைக்குத்தான் பயன்படுத்துகிறார்களா என்று சர்வதேச அணுசக்தி முகமை சரிபார்க்கும் ஏற்பாடு. அதன் ஆய்வாளர்கள் ஒரு நிலையத்துக்குப் போனால் கணக்குப் புத்தகம் பார்ப்பார்கள், கேமரா பார்ப்பார்கள். 1996-லிருந்து இன்னொன்றும் வழக்கத்தில் இருக்கிறது. 10 சென்டிமீட்டர் சதுரப் பருத்தித் துணியால் மேஜை, குழாய், ஜன்னல் விளிம்பு என்று துடைத்து, இரட்டைப் பையில் போட்டு எடுத்துவருவது. யுரேனியத்தைக் கையாளும் இடம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் மைக்ரான் அளவுத் துகள்கள் பறந்து எங்காவது ஒட்டிக்கொள்ளும். வருடக்கணக்கில் அங்கேயே இருக்கும். துடைத்த துணிகள் வியன்னாவுக்குப் பக்கத்தில் சைபர்ஸ்டார்ஃபில் உள்ள முகமையின் சொந்த ஆய்வகத்துக்குப் போகும். அங்கிருந்து பல நாடுகளில் இருக்கும் கூட்டாளி ஆய்வகங்களுக்கும் போகும். நாங்கள் அந்தக் கூட்டாளிப் பட்டியலில் இல்லை. வாசலில் நின்று பழகுகிறோம், அவ்வளவுதான்.

துணியை அப்படியே அமிலத்தில் கரைத்து அளக்கக் கூடாதா என்று என் அக்கா ஒருமுறை போனில் கேட்டாள். அளக்கலாம், அளக்கவும் செய்கிறார்கள். ஆனால் அப்போது கிடைப்பது சராசரி. மூட்டை அரிசியை எடை போட்டால் அதில் கல் இருப்பது தெரியுமா? முறத்தில் பரப்பித்தான் பொறுக்க வேண்டும். துணியில் ஒரு லட்சம் இயற்கை யுரேனியத் துகள் இருந்து, நடுவே செறிவூட்டிய துகள் மூன்று இருந்தால், கரைத்த கணத்தில் அந்த மூன்றும் காணாமல் போகும். ஒவ்வொரு துகளாக அளந்தால் மூன்றும் தனித்தனியே பேசும்.

ஒரு துகளில் எவ்வளவு இருக்கிறது என்று முதல் நாளே கணக்குப் போட்டு நோட்டில் எழுதினேன். பல முறை அந்தப் பக்கத்துக்கே திரும்பிப் போக வேண்டியிருந்தது, அதனால் இங்கேயும் எழுதுகிறேன். 1 மைக்ரான் விட்டமுள்ள யுரேனியம் ஆக்சைடு உருண்டை சுமார் 4 பிகோகிராம். அதில் யுரேனிய அணுக்கள் ஏறத்தாழ 930 கோடி. கேட்க நிறைய மாதிரி இருக்கிறது. இயற்கை யுரேனியம் என்றால் அதில் 235 சுமார் 6.7 கோடி, 234 வெறும் 5 லட்சம். தெறிக்கும் அணுக்களில் நூற்றில் ஒன்று டிடெக்டர் வரை வந்தால் அது நல்ல நாள். அப்படியானால் 235-க்கு 6.7 லட்சம் கவுண்ட், 234-க்கு 5,000. எண்ணிக்கையின் வர்க்கமூலம்தான் அதன் தடுமாற்றம். ஆகவே 235-ஐ ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் பிழையோடு சொல்லலாம், 234-ஐ ஒன்றரை சதவீதப் பிழையோடு. துகளை முழுக்கச் சுட்டுத் தீர்த்த பிறகு கிடைக்கும் உச்சபட்சத் துல்லியம் இது. மறுபடி அளக்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை, ஏனென்றால் துகளே இல்லை.

எங்கள் மெஷினில் இன்னும் மோசம். டிடெக்டர் ஒன்றே ஒன்று. காந்தத்தை மாற்றி மாற்றி 234, 235, 236, 238 என்று தாவவேண்டும். 238-ஐ எண்ணும்போது பறந்துபோகும் 235 அணுக்கள் போனது போனதுதான்.

மாதிரி தயாரிப்புக்கு வருகிறேன். பழகுவதற்கு யு-010, யு-030 என்ற பொடிகளை வைத்துக்கொண்டோம். அமெரிக்காவின் நியூ பிரன்ஸ்விக் ஆய்வகம் விநியோகித்த சான்றளிக்கப்பட்ட யுரேனியம் ஆக்சைடு. பெயரில் உள்ள எண் ஏறத்தாழ செறிவைச் சொல்லும், 1 சதவீதம், 3 சதவீதம் என்று. துளியூண்டு பொடியை எத்தனாலில் போட்டு, கேளா ஒலியில் அதிரும் அல்ட்ராசோனிக் கம்பியை விட்டுக் கலக்கி, ஒரு சொட்டு எடுத்து, 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடி போல் மெருகேறிய கார்பன் வில்லையில் விடவேண்டும். காய்ந்ததும் துகள்கள் பரவியிருக்க வேண்டும். முதல் வில்லையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். நடுவில் ஒன்றுமில்லை. ஓரத்தில் மட்டும் அழகான வட்டம். காபி டம்ளரை மேஜையில் வைத்து எடுத்தால் ஒரு வளையம் விழுமே, அதேதான், அதே காரணம்தான். சொட்டின் விளிம்பு முதலில் காய்கிறது, உள்ளே இருக்கும் திரவம் விளிம்பை நோக்கி ஓடுகிறது, ஓடும்போது துகள்களையும் இழுத்துக்கொண்டு போகிறது. துகள்கள் வளையத்தில் ஒன்றின் மேல் ஒன்று குவிந்து கிடந்தன. தனித்தனியாக அளக்க நினைத்தவனுக்கு இதைவிடக் கேவலமான மாதிரி அமையாது.

வில்லையைச் சூடான தட்டில் வைத்து, பெரிய சொட்டு ஒன்றுக்குப் பதில் மிகச் சிறிய சொட்டுகள் பலவாக விட்டேன். விழுந்த கணத்தில் காய்ந்துவிட்டால் ஓட நேரம் இருக்காது. வளையம் போனது. ஆனால் கொத்துகள் இருந்தன. அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், கழுத்தறுத்தது அவைதான். ஜெர்மனியில் யூலிஷ் ஆய்வு மையத்தில் ஒரே அளவில் உருண்டையான யுரேனியம் ஆக்சைடு நுண்துகள்களைத் தயாரிக்கிறார்கள், முகமையின் தரக்கட்டுப்பாட்டுக்காகவே. அவற்றின் படத்தைப் பார்த்தால் கடுகு கொட்டினாற்போல் இருக்கும். எங்களுடையது உடைத்த கற்கண்டு.

குளிர்காலத்தில் இன்னொரு கூத்து. அறைக் காற்று அவ்வளவு வறட்சி. பிளாஸ்டிக் இடுக்கியை வில்லைக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் நிலைமின்சாரத்தில் துகள்கள் எகிறின. கண்ணுக்குத் தெரியாது, நுண்ணோக்கியில் முன்னும் பின்னும் எடுத்த படங்களை ஒப்பிட்டுத்தான் கண்டுபிடித்தேன். நேற்று 40 இருந்த கட்டத்தில் இன்று 11. மற்றவை எங்கே போயின? அதுதான் பயம். வில்லையை விட்டுக் கிளம்பிய துகள் அடுத்தவர் மாதிரியில் உட்கார்ந்தால், அங்கே நான் யுரேனியம் கண்டுபிடித்ததாகிவிடும். அன்றிலிருந்து உலோக இடுக்கி மட்டும். வில்லையில் மெல்லிசாகப் பிசுபிசுப்புப் பூச்சு ஒன்று தடவி, துகள்கள் படிந்த பிறகு சூடாக்கி அதை எரித்து விடுகிறோம். துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன.

மெஷின் பக்கம் மூன்று சங்கதிகள்.

ஒன்று சீக்கிரம் தீர்ந்தது. பிரகாசமான துகள்களில் 235-க்கும் 238-க்குமான விகிதம் 0.6 சதவீதம் கூடுதலாக வந்தது. மங்கலான துகள்களில் சரியாக வந்தது. எண்ணிக்கை வேகத்தைப் பொறுத்துப் பிழை மாறுகிறது என்றால் டிடெக்டரைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஒவ்வொரு அயனியையும் எண்ணிய பிறகு டிடெக்டருக்கு ஒரு கண் சிமிட்டல் நேரம் உண்டு. அந்நேரத்தில் வரும் அடுத்த அயனி கணக்கில் ஏறாது. 238 நொடிக்கு 4 லட்சம் வரும்போது, 40 நானோ வினாடிச் சிமிட்டலில் 1.6 சதவீதம் தொலையும். எங்கள் மென்பொருளில் யாரோ எப்போதோ 25 நானோ வினாடி என்று போட்டு வைத்திருந்தார்கள். திருத்தினோம், சரியானது.

இரண்டாவது, பெருங்காய டப்பா. அப்படித்தான் நான் அதற்குப் பெயர் வைத்திருக்கிறேன். பெருங்காயம் தீர்ந்தாலும் டப்பாவில் வாசனை போகாதல்லவா. மாதிரியிலிருந்து தெறிக்கும் அணுக்களில் பெரும்பகுதி எதிரே இருக்கும் மின்முனைத் தகட்டில் போய்ப் படியும். பிறகு அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அடுத்த மாதிரி மேல் உதிரும். காலையில் யு-030 அளந்துவிட்டு மதியம் வெறும் கார்பன் வில்லையை அளந்தேன். ஒன்றுமே வரக்கூடாத இடத்தில் 235 எட்டிப்பார்த்தது. தகட்டை மாற்றினோம். அன்றிலிருந்து வரிசை மாறாது: முதலில் வெறும் வில்லை, பிறகு இயற்கை யுரேனியம், செறிவு கூடியவை கடைசியில், அதற்குப் பிறகு மறுபடி வெறும் வில்லை.

மூன்றாவது ஹைட்ரைடு. இதோடு இன்னும் மல்லுக்கட்டு முடியவில்லை. 236 என்ற ஐசோடோப்புக்கு (அதே யுரேனியம், அணுவின் எடை மட்டும் வேறு) தனி மதிப்பு உண்டு. இயற்கை யுரேனியத்தில் அது கிட்டத்தட்ட இல்லை, அணு உலைக்குள் போய் நியூட்ரான் வாங்கிய யுரேனியத்தில்தான் சேரும். ஆகவே ஒரு துகளில் 236 தெரிந்தால், இந்தப் பொருள் உலை பார்த்து வந்தது, பிறகு யாரோ அதை மறுபடி பிரித்தெடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தமாகிறது. சிம்ஸில் என்ன நடக்கிறதென்றால், வெற்றிடத்தில் மிச்சமிருக்கும் ஈரத்திலிருந்து ஒரு ஹைட்ரஜன் 235-இன் முதுகில் ஏறிக்கொண்டு வந்து, 236 என்ற வேஷத்தில் டிடெக்டர் முன் நிற்கும். இரண்டுக்கும் எடை வித்தியாசம் 0.006 அலகு. அதைப் பிரித்துப் பார்க்க 38,000-க்கு மேல் பிரிதிறன் (எடையை அந்த வித்தியாசத்தால் வகுத்த எண்) வேண்டும். எங்களால் ஆகாது, பெரிய மெஷின்களிலும் துகள் அளவையில் அப்படிச் செய்வதில்லை.

ஆகவே குறுக்கு வழி. 238-இன் முதுகிலும் ஹைட்ரஜன் அதே விகிதத்தில் ஏறும். அது 239-இல் வரும். 239-ஐ அளந்து 238-ஆல் வகுத்தால் எத்தனைக்கு எத்தனை ஏறுகிறது என்று தெரியும். அதை 235-ஆல் பெருக்கி 236-இலிருந்து கழிக்கலாம். வில்லையை உள்ளே போட்ட உடனே அளந்தபோது எனக்கு ஆயிரத்துக்கு 1.2 வந்தது. 6.7 லட்சம் 235 கவுண்ட் உள்ள துகளில் அது 800 போலி 236. உலையைக் கண்ணால்கூடப் பார்த்திராத யுரேனியத்துக்கு உலைச் சான்றிதழ் கொடுக்கப் போதுமான எண்ணிக்கை! இரவு முழுக்க வெற்றிடத்தில் வைத்து, குளிர்பொறியில் திரவ நைட்ரஜன் ஊற்றி, காலையில் அளந்தால் ஆயிரத்துக்கு 0.3. இப்போது அவசரம் என்று யார் சொன்னாலும் வில்லையைப் போட்ட அன்றே அளப்பதில்லை.

இந்தக் கழித்தல் கணக்கிலும் ஓட்டை உண்டு. 93 சதவீதம் செறிவுள்ள துகளில் 238 மிகக் குறைவு, 235 அதைப்போல் பதினேழு மடங்கு. எங்கே ஹைட்ரைடு அதிகமாகத் தொந்தரவு செய்கிறதோ, அங்கேதான் அதை அளக்கும் 239 ஏறக்குறைய காலியாக இருக்கிறது. மாதிரியில் புளூட்டோனியம் கலந்திருந்தால் அதுவும் 239-இல் வந்து உட்கார்ந்துகொள்ளும், கழித்தலே தப்பாகிவிடும். யாராவது 236 எண்ணை நான்கு தசம இடத்தோடு என்னிடம் காட்டினால், முதலில் வெற்றிட அளவைத்தான் கேட்கிறேன்.

இனி அந்த வெள்ளிக்கிழமை.

பொடியை அளக்கப் பழகிவிட்டோம், நிஜத் துணி ஒன்றை முயன்று பார்க்கலாம் என்று முடிவெடுத்தோம். எங்கள் கட்டடத்திலேயே தாழ்வாரத் தரையை ஆய்வாளர் துடைக்கிற மாதிரி துடைத்தேன். இரட்டைக் கையுறை, புதுப் பை எல்லாம் முறைப்படி. துணியிலுள்ள தூசியை வேக்யூம் பம்ப் ஒன்றால் உறிஞ்சி, ஒரு சிறிய மூக்கு வழியாகக் கார்பன் வில்லை மேல் மோதவிட்டேன். தூசி வில்லையில் ஒட்டிக்கொள்ளும். பரிசோதனைக்காக அதே வில்லையின் ஒரு மூலையில் இயற்கை யுரேனியத் துகள்கள் கொஞ்சம் விதைத்து வைத்தோம். மெஷின் அவற்றைக் கண்டுபிடிக்கிறதா என்பதுதான் கேள்வி.

தேடலுக்கு மெஷினைத் தானாக ஓட விட்டுவிடலாம். 10 மில்லிமீட்டர் சதுரத்தை அரை மில்லிமீட்டர் கட்டங்களாகப் பிரித்தால் 400 கட்டம். ஒவ்வொன்றுக்கும் 50 நொடி. ஐந்தரை மணி நேரம். கட்டத்துக்குக் கட்டம் ஒவ்வொரு நிறையிலும் ஒரு படம் எடுத்து, எந்தப் புள்ளி மின்னுகிறது என்று பட்டியல் போடும். காலையில் ஓடவிட்டுவிட்டு வேறு வேலை பார்த்தேன். மாலை நாலரைக்கு வந்து பார்த்தால், விதைத்த மூலையில் விதைத்த துகள்கள் சமர்த்தாக இருந்தன. விதைக்காத மூலையில் அந்த ஒற்றைப் புள்ளி.

பட்டியலில் அதன் வரி இது: 234-இல் 111 கவுண்ட், 235-இல் 251, 236-இல் 9, 238-இல் 3.

என் மூளை 251-ஐயும் 3-ஐயும் மட்டும் பார்த்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அலுவலக மேலாளருக்கு மெயில் எழுத ஆரம்பித்துவிட்டேன். தலைப்பு வரைக்கும் அடித்தாயிற்று. எங்களோடு இருபத்தைந்து வருடமாக இந்த மெஷினைப் பார்த்துக்கொள்ளும் மூத்த டெக்னீஷியன் கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கூப்பிட்டுக் காட்டினேன். உட்காரக்கூட இல்லை. குனிந்து அந்த வரியைப் பார்த்தார். "234 ஏன் இவ்வளவு?" என்றார். நான் பதில் தேடுவதற்குள், "233 எடுத்தீங்களா?" என்று கேட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

அவர் போன பிறகு உட்கார்ந்து யோசித்தேன். யுரேனியத்தைச் செறிவூட்டினால் 234-ம் கூடவே ஏறும், அது இன்னும் லேசானது என்பதால். ஆனாலும் உயர் செறிவில் அது 235-இல் நூற்றில் ஒரு பங்கு வாக்கில்தான் இருக்கும். 251-க்கு இரண்டு அல்லது மூன்று கவுண்ட் வரலாம். 111 எப்படி வரும்? அது யுரேனியமே இல்லை.

233 எந்த யுரேனியச் சுரங்கத்திலும் கிடைக்காது. தோரியத்துக்கு நியூட்ரான் கொடுத்துத் தயாரிக்க வேண்டும். (எங்கள் ஊர்ப்பக்கம் கல்பாக்கத்தில் 1996-இல் இயங்கத் தொடங்கிய காமினி என்ற சின்ன உலைக்கு அந்த 233தான் எரிபொருள். மற்றபடி அதை எதிர்பார்க்க ஒரு காரணமும் இல்லை.) கற்றையைச் சுருக்கி அந்தப் புள்ளியின் மேல் நிறுத்தி, 233-க்குப் போனேன். 118 கவுண்ட்.

233, 234, 235: 118, 111, 251. இந்த மூன்று எண்ணையும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு சுவரில் ஒட்டியிருந்த ஐசோடோப் அட்டவணையைப் பார்த்தேன். இயற்கை ஈயத்தில் 206 என்பது 24.1 சதவீதம், 207 என்பது 22.1, 208 என்பது 52.4. விகிதம் போட்டால் அச்சு அசல். ஈயத்தோடு 27 சேர்ந்தால் 233, 234, 235. இருபத்தேழு எது? அலுமினியம். ஒற்றை ஐசோடோப். ஈயமும் அலுமினியமும் கைகோத்துக்கொண்டு மூலக்கூறு அயனியாக வந்து யுரேனியம் வேஷம் போட்டிருக்கின்றன. 208-க்குக் காந்தத்தைத் திருப்பியதும் டிடெக்டர் கண்ணைக் கூசவைக்கிற அளவுக்கு ஈயம். மெயிலை அழித்தேன்.

திங்கட்கிழமை காலை அவரிடம் சொன்னபோது சிரிக்கவில்லை. அயனிகள் நுழையும் இடுக்குகளை (ஸ்லிட்) குறுக்கி அதைப் பிரித்துக் காட்டச் சொன்னார். யுரேனியம் 235-இன் உண்மையான எடை 235.044, ஈய அலுமினிய ஜோடியின் எடை 234.958. வித்தியாசம் 0.086. பிரிதிறன் 2,740-க்கு மேல் போனால் இரண்டும் தனித்தனிச் சிகரமாகத் தெரியவேண்டும். 3,000-க்குக் கொண்டுபோனோம். விதைத்த யுரேனியத் துகளில் சிகரம் அதன் இடத்தில் நின்றது. அந்த மர்மப் புள்ளியில் சிகரம் இடது பக்கம் தள்ளி நின்றது, யுரேனியத்தின் இடம் காலி. பார்க்க அவ்வளவு திருப்தியாக இருந்தது. ஆனால் அதற்குக் கொடுத்த விலை, சிக்னல் எட்டில் ஒன்றாகிப் போனது. எங்கள் காந்தத்தின் வளைவு ஆரம் 127 மில்லிமீட்டர். சைபர்ஸ்டார்ஃபில் 2011-இல் வைத்த பெரிய சிம்ஸில் அது 585 மில்லிமீட்டர். அதில் இந்தப் பிரிதிறனுக்கு வந்தாலும் சிக்னல் பெரிதாகக் குறையாது. டிடெக்டர்களும் பல, ஐசோடோப்புகளை ஒரே நேரத்தில் எண்ணலாம். வாங்குவதைப் பற்றிப் பேச்செடுத்தேன். பேச்சு அத்தோடு நின்றது.

அந்த மெஷின் இல்லாதவர்களுக்கு வேறு பாதையும் உண்டு. துகள்களைப் பாலிகார்பனேட் படலத்தோடு சேர்த்து ஓர் ஆராய்ச்சி உலையில் வைத்து நியூட்ரான் காட்டுவார்கள். 235 பிளந்து தெறித்த சுவடுகள் படலத்தில் பதியும். காரத்தில் போட்டால் நட்சத்திரக் கோலம் மாதிரி எழும்பும். கோலம் இருக்கும் இடத்தில் உள்ள துகளை நுண்ணோக்கியின் கீழ் ஊசியால் எடுத்து, உலோக இழையில் வைத்துச் சூடாக்கி வேறு வகை நிறமாலைமானியில் அளப்பார்கள். ஈயம் பிளக்காது, ஆகவே எனக்கு நடந்தது அவர்களுக்கு நடக்காது. ஜப்பானில் டோக்கையில் இருக்கும் குழு இதில் பெயர் பெற்றது. வேலை மெதுவானது, கை நடுங்காதவர் வேண்டும், பக்கத்தில் ஒரு உலையும் வேண்டும்.

ஈயம் எங்கிருந்து வந்தது என்று தேடியதில் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நான் துடைத்த தாழ்வாரத்தின் கோடியில் பழைய கவசச் செங்கல் கிடங்கு. ஈயச் செங்கற்களை அங்கிருந்து அலுமினியத் தள்ளுவண்டியில் ஏற்றி இறக்குவார்கள். உரசிய இடத்தில் இரண்டும் சேர்ந்தே உதிர்ந்திருக்கின்றன. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தபோது அந்தத் துகள் 3 மைக்ரான் நீளத்தில் மடங்கிய தகடு மாதிரி இருந்தது. எக்ஸ் கதிர் அளவையில் ஈயமும் அலுமினியமும் கொஞ்சம் ஆக்சிஜனும்.

கதிரியக்கப் பொருளைக் கையாளும் எந்த நிலையத்தில்தான் ஈயச் செங்கல் இல்லை? யோசித்தால் வயிற்றைக் கலக்குகிறது. உண்மையான துணிகள் வருவதே அப்படிப்பட்ட இடங்களிலிருந்துதான். 2023 ஜனவரியில் ஈரானின் ஃபோர்டோ செறிவூட்டல் நிலையத்தில் துடைத்த துணியில் 83.7 சதவீதம் வரை செறிவுள்ள துகள்கள் இருந்ததாக முகமை அறிவித்ததும் உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தியானது. அந்த எண்ணுக்குப் பின்னால் எத்தனை வெறும் வில்லை, எத்தனை 233 இருந்திருக்கும் என்று இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. எண் சரியாக இருந்தாலும் கதை வேறாக இருக்கலாம் என்பதற்கும் அதே நாட்டில் உதாரணம் உண்டு. 2003-இல் நடான்ஸ் செறிவூட்டல் நிலையத்தில் உயர்செறிவுத் துகள்கள் அகப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை, பாகிஸ்தானிலிருந்து வந்த பழைய மையவிலக்குப் பாகங்களோடு ஒட்டிக்கொண்டு வந்தவை என்பதோடு பொருந்துவதாகப் பிறகு முகமை சொன்னது. அளவை சரி, துகளும் நிஜம். ஆனால் செறிவூட்டிய ஊர் வேறு.

கொத்துகளைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. ஜனவரியில் எங்களுக்குள்ளேயே ஒரு குருட்டுத் தேர்வு வைத்தோம். சக ஊழியர் ஒருவர் மூன்று வில்லைகள் தயாரித்து, எதில் என்ன என்று சொல்லாமல் தந்தார். முதல் வில்லை சுலபம். 235-க்கும் 238-க்குமான விகிதம் 0.00727 வந்தது, பிழை 0.00006. இயற்கை. இரண்டாவது 0.0101, யு-010. மூன்றாவதில் ஒரு துகள் 0.0312, அடுத்தது 0.0315, அடுத்தது 0.019. அதற்கடுத்தது 0.024.

யு-030 ஒன்றுதான் இருக்கிறதென்றால் 0.0314-ஐச் சுற்றித்தான் வரவேண்டும். 0.019 என்று எந்தப் பொடியும் எங்களிடம் இல்லை. சராசரியை விட்டுவிட்டு, கற்றை துகளைச் சுட்டுக்கொண்டே போகையில் காந்தம் தாவும் ஒவ்வொரு சுற்றிலும் விகிதம் எப்படிப் போகிறது என்று பிரித்துப் பார்த்தேன். முதல் சுற்றுகளில் 0.031, பிறகு 0.028, பிறகு 0.021, 0.014, கடைசியில் 0.0102-இல் வந்து நின்றது. நல்ல துகளில் இந்தக் கோடு கடைசி வரை படுக்கையாகப் போகும். இது சறுக்குமரம். மேலே ஒரு மணி, அதற்கடியில் வேறொரு மணி. மேலே இருந்தது எரிந்து தீரத் தீரக் கீழே இருந்தது வெளிப்பட்டிருக்கிறது. சறுக்கலின் இரு நுனிகளும் யு-030, யு-010 எண்களோடு ஒட்டிப் போயின. "இரண்டும் கலந்தா வைத்தீர்கள்?" என்று கேட்டேன். அவர் கலக்கவில்லையாம். அல்ட்ராசோனிக் கம்பியைக் கழுவியது போதவில்லை. யு-010-இன் மிச்சம் யு-030 சீசாவுக்குள் போய், எத்தனாலிலேயே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதாவது நான்கு மாதம் முன்பு நான் எழுதிய செய்முறையில் உள்ள கழுவும் படியைத்தான் அவர் அப்படியே பின்பற்றியிருக்கிறார்.

சராசரியை மட்டும் பார்த்திருந்தால் 1.9 சதவீதம் செறிவுள்ள ஒரு புதுப் பொருள் இருக்கிறது என்று அறிக்கை எழுதியிருப்பேன். பிழை எல்லையும் சின்னதாக, நம்பும்படியாகவே இருந்திருக்கும்.

இப்போது செய்முறையில் மூன்று திருத்தம். கம்பி பொடிக்குப் பொடி தனி. ஒவ்வொன்றிலும் நிறப்பட்டை சுற்றியிருக்கிறேன், பச்சை இயற்கைக்கு, மஞ்சள் 1 சதவீதத்துக்கு, சிவப்பு 3 சதவீதத்துக்கு. சுற்று வாரியான விகிதக் கோட்டைப் பார்க்காமல் எந்த எண்ணும் அட்டவணைக்குப் போகாது. கோடு சறுக்கினால் அந்தத் துகள் தனிப் பட்டியலுக்குப் போகும். தேடல் பட்டியலில் 233 நிரந்தரமாக ஏறிவிட்டது. அதனால் கட்டத்துக்குப் பத்து நொடி கூடுதல், மொத்தத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல். போகட்டும்.

மூன்றாவது வில்லையை மறுபடி தயாரிக்கக் கொடுத்திருக்கிறேன். தாழ்வாரத்தில் இன்னொரு தரம் துடைத்த துணி இந்த வாரம் உறிஞ்சப்பட்டு வில்லையில் இருக்கிறது. நேற்று இரவு வெற்றிடத்தில் போட்டேன், திரவ நைட்ரஜன் நிரப்பியாயிற்று. காலையில் 239-ஐப் பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும். தள்ளுவண்டிக்கு ரப்பர் விரிப்பு போட்டுவிட்டார்கள்.